எளியோர் இல்லமும் அறிஞர் அவையும்



வீடு என்பது யாது? கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும், கடந்த எழுபது ஆண்டுகளாக உலகின் பல நகரங்களிலே அறிஞர்கள் அவை கூடி ஆராய்ந்துவரும் வினா இஃது. எளியோர் தம் வருவாய்க்குள் கட்டி முடிக்கத்தக்க வீடு எது? கட்டிய பின் காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து, அடுத்த தலைமுறைக்கும் பயன்படும் வீடு எது? இவ்விரு கேள்விகளே அத்தகைய ஆராய்ச்சி மாநாடுகளின் அடிப்படை. அம்மாநாடுகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அங்கே பேசப்பட்ட கொள்கைகள் நம் கிழக்கிலங்கைக் கடற்கரையிலே எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அக்கடற்கரையைச் சற்றே பார்த்துவிடுவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மருதமுனை நெசவுக்குப் பெயர் பெற்றது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலால் அறியப்படுவது. காரைதீவு, கண்ணகி அம்மன் கோயில் கொண்ட ஊர். யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டிலே பிறந்த ஊர். அதன் வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் மக்கள் வாழும் பேரூர்கள். கோயிலும் பள்ளிவாசலும் வேறு; மொழி ஒன்று. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பின் மேலேயே இத்தனை ஊர்களும் நெருங்கி அமைந்துள்ளன. காணி என்பது இங்கே பொன்னினும் அரிய பொருள்.

இவ்வூர்களின் வீடு பற்றிய வழக்கம் ஒன்றுண்டு. அதனை அறியாது இங்கே வீட்டுத் திட்டம் வகுத்தல் இயலாது. தமிழகத்தின் பெரும்பகுதியில் மணமகள் கணவன் வீடு செல்வாள். இங்கே மணமகனே மனைவியின் வீடு வருவான். பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுத்தல் பெற்றோரின் தலைக்கடன். மூத்த மகளுக்கு மணமானதும், தாயும் தந்தையும் ஏனைய பிள்ளைகளுடன் அதே வளவிலோ அயலிலோ இன்னொரு வீடு கட்டிக் குடிபெயர்வர். இரண்டாவது மகளுக்கு அவ்வீடு போகும். இவ்வாறு அக்காளும் தங்கையும் ஒரே வேலிக்குள், ஒரே கிணற்றடியில், அடுத்தடுத்த வீடுகளிலே வாழ்வர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் இவ்வழக்கம் ஒன்றாகவே நிலவுகின்றது.

இவ்வழக்கம் பழமையானது. மட்டக்களப்புப் பகுதியில் நிலவிய முக்குவர் சட்டத்தின்படி சொத்துரிமை பெண்வழியாக இறங்கியது. அச்சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் 1876ஆம் ஆண்டிலே நூல் எழுதினார். அதே ஆண்டில் குடியேற்ற அரசு பிறப்பித்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தினால் பழைய சட்டம் மெல்ல வழக்கொழிந்தது. ஆயினும் உள்ளுறை அழியவில்லை. இறந்தபின் செல்லும் முதுசம் என்னும் வழி அடைபடவே, வாழும்போதே கொடுக்கும் சீதனம் என்னும் வழியாக வீடு மகளிடமே சென்றது. அக்கரைப்பற்றிலே பல்லாண்டு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். ஆகவே இக்கரையில் வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று; ஒரு பெண்ணின் பாதுகாப்பு, ஒரு மணத்தின் அடித்தளம், ஒரு தாயின் வாழ்நாட் சேமிப்பு.

இனி அறிஞர் அவைக்கு வருவோம்.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் புது தில்லியிலே ஒரு கருத்தரங்கு கூடியது. வீடமைப்பும் சமூக மேம்பாடும் என்பதே அதன் பொருள். அதனுடன் குறைந்த செலவில் அமையும் வீடுகளுக்கான அனைத்துலகக் கண்காட்சி ஒன்றையும் இந்திய அரசு நடத்தியது. பல்வகைப் பொருள்களால் ஆன மாதிரி வீடுகள் அங்கே எழுப்பப்பட்டன. அவ்வீடுகளின் நடுவே ஓர் இந்தியக் கிராம மையமும் அமைக்கப்பட்டது. பள்ளி, மருத்துவ நிலையம், கைத்தொழிற் கூடம் ஆகியன அதில் இடம்பெற்றன. அதனை அமைத்தவர் ஜாக்குலின் டிர்விட் என்னும் பெண்மணியார். வீட்டைத் தனியே பார்த்தல் ஆகாது, ஊரோடு சேர்த்தே பார்த்தல் வேண்டும் என்னும் கருத்து அம்மையத்தினாலே உணர்த்தப்பட்டது. கிரேக்க நாட்டு அறிஞர் டொக்சியாடிஸ் அவரைச் சந்தித்ததும் அக்கருத்தரங்கிலேயே. மனிதக் குடியிருப்புகளைப் பற்றி அவர்கள் பின்னர் நெடுங்காலம் இணைந்து ஆற்றிய பணிக்கு அச்சந்திப்பே வித்து.

அக்காலத்து அறிஞரிடையே வலுப்பெற்ற கொள்கை ஒன்றுண்டு. அஃது 'உதவியுடன் கூடிய தன்முயற்சி' என்பது. எல்லார்க்கும் வீடு கட்டிக் கொடுக்க எந்த ஏழை நாட்டு அரசாலும் இயலாது. ஆனால் காணியும் கடனும் தொழில்நுட்ப அறிவும் தந்தால், மக்கள் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்வர் என்பதே அதன் சாரம். இது புதிய கண்டுபிடிப்பா? கிடுகு பின்னி, மண் குழைத்து, அயலாரைக் கூட்டி, ஓய்ந்த நாளிலே வீடு கட்டிய நம் மூதாதையர் செய்ததும் இதுவே அன்றோ! அறிஞர் செய்தது, அதற்கு ஓர் அரசக் கொள்கை வடிவம் தந்தமையே.

அதே 1954ஆம் ஆண்டில் இலங்கையிலும் தேசிய வீடமைப்புச் சட்டம் நிறைவேறியது. வீடு கட்டுவோர்க்குக் கடன் வழங்கும் வழி அதனாலே பிறந்தது. ஆனால் மாதச் சம்பளமும் ஈடு வைக்கச் சொத்தும் உடையோர்க்கே அத்தகைய கடன் எளிதில் எட்டுவது; மீன்பிடித் தொழிலாளிக்கும் வயற் கூலியாளுக்கும் அது தொலைவிலேயே நின்றது.

காரைதீவின் மேற்கே அந்நாளில் வேறொரு பெரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணை கட்டி, காடழித்து, குடியேற்றக் கிராமங்களை உருவாக்கியது. அங்கே குடியேறியோர்க்கு அரசே காணியும் வீடும் தந்தது. அரச காணி வழங்கலை ஆண்டது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணையைப் பாருங்கள். பின்னுரித்தாளி பெயர் குறிக்கப்படாதவிடத்து, உரிமை செல்ல வேண்டிய வரிசையிலே மகன் முதலில் நின்றான். மகள் அவனுக்குப் பின்னரே நின்றாள். மகளுக்கே வீடு என்று வாழ்ந்த கரையோர மக்களுக்கு அருகிலேயே, மகனுக்கே முதலிடம் என்னும் சட்டம் வந்து அமர்ந்தது. இம்முரண்பாட்டைப் பொருட்படுத்தினார் அன்று மிகச் சிலரே. அரை நூற்றாண்டின் பின் அதன் விளைவு வெளிப்பட்டது.

1972இலும் 1976இலும் ஜோன் டர்னர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வெளியிட்ட இரு நூல்கள் வீடமைப்பு ஆராய்ச்சியின் போக்கையே மாற்றின. பெரு நாட்டின் சேரிகளிலே மக்கள் தாமாகக் கட்டிய வீடுகளை அவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர். வீடு எத்தன்மையது என்பதைவிட, அதில் வாழ்வோர்க்கு அஃது என்ன செய்கின்றது என்பதே முதன்மை என்றார் அவர். குடியிருப்போர் கையிலே தீர்மானம் இருக்குமாயின் குறையுள்ள வீடும் வளரும். பிறர் தீர்மானித்துத் தந்த வீடு நிறைவுள்ளதாயினும் சுமையாகும் என்பதே அவர் முடிபு. 1976ஆம் ஆண்டிலேயே வன்கூவரில் ஐக்கிய நாடுகள் சபையின் முதலாவது மனிதக் குடியிருப்பு மாநாடு கூடியது. அங்கும் இக்கருத்துகள் பெரிதும் ஆராயப்பட்டன.

இக்கொள்கையை நாடளாவிய அளவிலே நடைமுறைப்படுத்திய நாடுகளுள் இலங்கை முன்னணியில் நின்றது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. 1978இல் நூறாயிரம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. முதலில் அரசே முன்னின்று வீடுகளைக் கட்டியது. செலவு பெருகியது; வீடு பெற்றோரினும் பெறாதோர் பன்மடங்காயினர். அப்போது அதிகாரிகள் தம் கணக்கைத் திருத்திக்கொண்டனர். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலே முறை தலைகீழாயிற்று. அரசு சிறு கடனும் வழிகாட்டலும் தரும். வீட்டைத் திட்டமிடுவதும் கட்டுவதும் குடும்பத்தின் பொறுப்பு. முழு வீடே கட்ட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. கூரை மாற்றலாம், மலசலகூடம் அமைக்கலாம், கிணறு வெட்டலாம், ஓர் அறை கூட்டலாம். அன்றைய பிரதமர் பிரேமதாச 1980இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலே முன்வைத்த யோசனையின் பயனாக, 1987ஆம் ஆண்டு வீடற்றோர்க்கான அனைத்துலக ஆண்டாக அனுட்டிக்கப்பட்டது.

ஆனால் நம் கரையோர மக்கள் இம்முயற்சியின் முழுப் பயனையும் பெற்றார் இல்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைச் சூறையாடியது. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, ஓலை வீடுகள் இருந்த இடம் தெரியாது போயின. அத்துயர் முற்றாக ஆறுமுன் 1983இல் போர் மூண்டது. கட்டிய வீடு எரிந்தது. எரிந்த வீட்டை மீண்டும் கட்டினர். பின்னர் வந்தது கடல்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள். அக்காலையை இக்கரையார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இலங்கையிலே மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை முதல் காரைதீவு வரையும் அதற்கு அப்பாலும் கடலோர வீதிகள் மணல்மேடாயின. நாடு முழுவதிலும் ஏறக்குறைய ஓர் இலட்சம் வீடுகள் அழிந்தோ சிதைந்தோ போயின. உலகமெங்கும் இருந்து உதவி பெருகியது. வீடமைப்புப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக அறிஞர் சேர்த்த அறிவனைத்தும் அன்று ஒரே இடத்தில் சோதனைக்கு வந்தது எனலாம்.

அச்சோதனையிலே மூன்று இடர்கள் தோன்றின.

முதலாவது, காணி. கடலோரத்திலே மீண்டும் வீடு கட்டலாகாது என அரசு தடை வலயம் வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிர்காக்கும் நோக்கமே எனினும், கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களிலே 200 மீற்றரை நீக்கினால் எஞ்சுவது யாது? அதற்கப்பால் வேறு குடும்பங்களின் வளவு. அதற்கும் அப்பால் வயல். வயலை நிரவினால் மழைநீர் எங்கே போகும்? மாடிக் குடியிருப்பு எழுப்பினால், இரண்டாவது மகளுக்கு வீடு கட்ட வளவு எங்கே? அவ்வெல்லை பின்னர்த் தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் ஓராண்டுக்கு மேலாகத் தற்காலிகக் கொட்டில்களிலே காத்திருந்துவிட்டனர்.

இரண்டாவது, பெயர். அழிந்துபோன வீடு மனைவியின் சீதன வீடு. உறுதியும் அவள் பெயரிலே இருந்தது. ஆனால் புதிய வீட்டுக்கான பட்டியலிலே குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். கணவனின் பெயர் எழுதப்பட்டது. அரச காணியிலே கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக உரிமை வழங்கும் வழி சட்டத்தில் இல்லை எனப்பட்டது. தாய் தன் தாயிடம் பெற்றதும் தன் மகளுக்குக் கொடுக்க வேண்டியதுமான உரிமை, ஒரு படிவத்தின் ஒரு வரியிலே கைமாறியது. அதே பேரலையால் தாக்குண்ட தமிழ்நாட்டிலோ, அரசு வழங்கிய புதிய வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்யப்படல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பெண்வழி வீட்டு வழக்கம் வேரூன்றிய இக்கரையிலே அதுவும் கிட்டவில்லை என்பது எண்ணத்தக்கது.

இதனோடு தொடர்ந்தது இன்னொரு மயக்கம். கிடைத்த புது வீட்டிலே சிலர் குடியேறாதிருந்தனர். வீடு வேண்டாதோர் ஏன் பெற்றனர் எனக் கொடையாளர் வியந்தனர். மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோரன்சும் செய்த ஆய்வு இதனை விளக்கிற்று. மகள்மார்க்குச் சீதன வீடு வேண்டுமே என்னும் ஏக்கம், வீடு கேட்ட பெற்றோரின் உள்ளத்தில் எப்போதும் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது கொடையாளர் கணக்கு. ஒரு மகளுக்கு ஒரு வீடு என்பது தாயின் கணக்கு. இரு கணக்கும் ஒன்றுகூடவில்லை.

மூன்றாவது, பகிர்வு. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் கொடையினால் 500 வீடுகள் கட்டப்பட்டன. இது புத்தளத்து நுரைச்சோலை அன்று. வீடுகளோடு பிற பொதுக் கட்டடங்களும் எழுந்தன. ஆயினும் அவற்றை யாருக்கு வழங்குவது என்னும் பிணக்கு உயர் நீதிமன்றம் சென்றது. எல்லா இனத்தவர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என 2009இல் தீர்ப்பாயிற்று. அதன் பின்னரும் பத்தாண்டுக்கு மேலாக அவ்வீடுகளில் விளக்கேற்ற எவரும் வரவில்லை. சுவர் நின்றது, கூரை நின்றது, முற்றத்திலே புதர் வளர்ந்தது. பொருளுக்குக் குறைவில்லை, பொறியியலுக்குக் குறைவில்லை. குடியிருப்போர் யார், அவர்க்கு எவ்வுரிமை என்பது தொடக்கத்திலேயே தீர்க்கப்படாமையே குறை. ஆள் இல்லாத வீட்டினும் விலை மிகுந்த வீடு உலகில் உண்டோ?

இவற்றுக்கு மாறான நல்ல அனுபவமும் உண்டு. தடை வலயத்துக்கு வெளியே தம் காணியிலேயே மீண்டும் கட்டியோர்க்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதியாகச் சிதைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் தவணை முறையிலே வழங்கப்பட்டன. உரிமையாளரே மேற்பார்வை செய்த இவ்வீடுகள், ஒப்பந்தகாரர் கட்டித் தந்தவற்றினும் பொதுவாக விரைவிலே முடிந்தன; குடியிருப்போர்க்கு நிறைவும் தந்தன. ஆய்வாளர் பலர் கண்ட முடிபு இது. தமிழ்நாட்டுக் கரையில் சில ஊர்களில் நேர்ந்ததோ மறுதலை. புது வீடு கட்டுவதற்காக, அலை தொடாத பழைய வீடுகளை இடித்தனர். நிழல் தந்த மரங்களை வெட்டினர். வெயிலில் கொதிக்கும் சீமெந்துத் தட்டின்கீழ் மக்கள் வாழ நேர்ந்தது.

போர் முடிந்தபின் இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி, உரிமையாளரே கட்டும் முறையைத் தழுவியது. வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாக வழங்கப்பட்டது. இதற்கு மாறாக, 2016இல் வடக்குக் கிழக்கிலே 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் யோசனை ஒன்று எழுந்தது. ஒவ்வொன்றின் விலையும் ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அவ்வீட்டின் அத்திவாரம், காற்றோட்டம், நீடித்த உழைப்பு ஆகியவற்றைப் பொறியியற் பேராசிரியர்கள் வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்தினர். சீமெந்துக் கல்லாலான வீட்டை அதனினும் மிகக் குறைந்த செலவில் கட்டலாம் எனக் காட்டினர். அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. ஆராய்ச்சி என்பது நூலகத்தில் உறங்கும் ஏடன்று, பொதுப்பணத்துக்கும் ஏழையின் கூரைக்கும் காவலாக நிற்கவல்லது என்பதற்கு இது சான்று.

'நிலைபேறு' என்னும் சொல் இக்கால ஆராய்ச்சி அரங்குகளிலே பெரிதும் வழங்குகின்றது. சூளையிற் சுடாது, சிறிது சீமெந்து கலந்து அழுத்திச் செய்யும் மண்கல்லைப் பற்றி மொறட்டுவையிலும் பெங்களூரிலும் ஒரோவிலிலும் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். நெல் உமிச் சாம்பல் சீமெந்தின் ஒரு பகுதிக்கு ஈடாகும் என்பதும் ஆராயப்பட்டதே. நெல் விளையும் அம்பாறைக்கு அது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. கேரளத்திலே லோரி பேக்கர், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கல்லையும் சாந்தையும் மிச்சப்படுத்தி, வெப்பமும் தணிந்த வீடுகளைக் கட்டிக் காட்டினார். இவையனைத்தும் வேண்டுவனவே. ஆயினும் பொருள் மட்டும் நிலைத்தால் வீடு நிலைத்ததாகாது. அக்காளின் வீட்டருகே தங்கைக்கு இடமிருத்தல், தாயின் உறுதி மகள் கைக்குச் செல்லுதல், கிணற்று நீர் இனிதாயிருத்தல், வயல் வயலாகவே இருத்தல் ஆகிய இவையும் நிலைபேற்றின் கூறுகளே.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை முன்னே குறிப்பிட்டேன். மகனுக்கு முதலிடம் தந்த அவ்வரிசை 2022இல் திருத்தப்பட்டது. ஆண், பெண் என்னும் வேற்றுமை நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் கடந்தே அத்திருத்தம் வந்தது. மகளுக்கும் வீட்டில் முதலுரிமை உண்டு என்பதைக் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் ஒரு மூதாட்டியைக் கேட்டிருந்தால் 1935இலேயே சொல்லியிருப்பாள்.

காரைதீவுக்குத் தெற்கே சிறிது தொலைவில், ஒலுவிலிலே, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கே பொறியியலும் கற்பிக்கப்படுகின்றது. சமூக ஆய்வும் நடைபெறுகின்றது. எளியோர் இல்லத்தைப் பற்றி ஆராய இதனினும் பொருத்தமான இடம் அரிது. தில்லியிலே கிராம மையம் நடுவே நின்று சொன்ன பாடத்தையும், கல்முனைக் கரையிலே கடலும் படிவமும் கற்பித்த பாடத்தையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு அங்குள்ள மாணவர்க்கு உண்டு. அவர்கள் கல்லின் வலிமையை அளக்கட்டும். சாந்தின் விலையைக் கணிக்கட்டும். ஆனால் அளவுகோலைக் கையில் எடுக்குமுன், வளவின் வாயிலில் நின்று, "இவ்வீடு யாருடையது? நாளை யாருக்கு உரியது?" என்று அவ்வீட்டுத் தாயைக் கேட்கட்டும். விடை கிடைத்தபின் வரையும் படமே பயன்படும் படம்.